டிரிகர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிக மென்பொருளில் ஒரு பதிவு சேமிக்கப்பட்டவுடன் ஒரு வேலை தானாக நடக்கும்படி அமைப்பது எளிது; அப்படித் தூண்டும் விதியைத்தான் டிரிகர் என்கிறோம். அது எப்போதெல்லாம் நடக்கக் கூடாது என்று முன்கூட்டியே யோசிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

ஒரு நிறுவனத்தில், 'ஆர்டரின் நிலை அனுப்பப்பட்டது என இருந்தால் வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பு' என்று விதி எழுதியிருந்தார்கள். பொருள் போய்ச் சேர்ந்த பிறகு, முகவரியில் பின்கோடு பிழையாக இருப்பதைக் கண்ட ஊழியர் ஓர் எண்ணைத் திருத்திச் சேமித்தார். நிலை இன்னும் 'அனுப்பப்பட்டது' என்றே இருந்ததால் இரண்டாவது எஸ்.எம்.எஸ். போனது, இன்னொரு பார்சல் வருகிறதா என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டார். விதியில் 'இருந்தால்' என்பதற்குப் பதிலாக 'மாறினால்' என்று எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வணிக மென்பொருளில், இத்தகைய விதிகளை அமைக்கும் ஃப்ளோ என்ற கருவியில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு: பதிவு நிபந்தனைக்குள் புதிதாக வரும்போது மட்டும் இயங்கச் சொல்லலாம். என்னைக் கேட்டால், எந்த விதியையும் எழுதும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடுத்தது, ஒன்றையொன்று எழுப்பும் விதிகள். தள்ளுபடி மாறினால் மொத்தத் தொகையைத் திருத்தும் விதியும், மொத்தத் தொகை மாறினால் தள்ளுபடியைத் திருத்தும் விதியும் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டிருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரிதான்; சேர்ந்தால் ஒன்று மற்றொன்றை மாறி மாறி எழுப்பிக்கொண்டே இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் ஏபெக்ஸ் என்ற அதன் நிரல்மொழியில் எழுதிய டிரிகர்கள் இப்படித் தொடர்ந்தால் 16 அடுக்குகளைத் தாண்ட விடாமல் அமைப்பே நிறுத்திவிடும், ஆனால் ஊழியர் சேமித்த மாற்றமும் அதோடு ரத்தாகிவிடும்.

ஒரே ஒரு பதிவை வைத்துச் சோதிப்பதும் ஆபத்தானது. சேல்ஸ்ஃபோர்ஸில் மொத்தமாக ஏற்றும்போது பதிவுகள் 200 வரையிலான தொகுதிகளாக டிரிகருக்கு வந்து சேர்கின்றன. சுழற்சிக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வினவல் (தரவுத்தளத்தில் தகவல் கேட்கும் கட்டளை) வைத்தால், ஒரு பரிவர்த்தனைக்கான 100 வினவல் வரம்பு பாதியிலேயே தீர்ந்துவிடும். பழைய ஆர்டர்களை ஏற்றும் நாளில் அறிவிப்பு விதிகளை நிறுத்தி வைக்கவும் மறக்கக் கூடாது.

வெளியிலிருந்து வரும் வெப்ஹுக் அழைப்புகள் (ஒரு நிகழ்வு நடந்ததும் வேறொரு மென்பொருள் தானாக அனுப்பும் செய்திகள்) ஒரே செய்தியை இருமுறை கொண்டுவரக்கூடும் என்பதால், நிகழ்வின் அடையாள எண்ணைக் குறித்து வைத்து, முன்பே வந்ததா என்று பார்த்த பிறகே ரசீது போட வேண்டும்.

ஒப்புதல் கோரிக்கையை ஒருவரின் பெயருக்கு அனுப்பாமல் பொறுப்புக்கு அனுப்புங்கள். இல்லையெனில் அவர் வேலையை விட்டுப் போன பிறகும் விடுப்பு விண்ணப்பங்கள் யாரும் திறக்காத அந்தக் கணக்கிலேயே காத்துக் கிடக்கும்.