கேப்டன் இல்லாமல் ஒரு வாரம்: சான் ஹுவான் தீவுகளில் வாடகை யாட் ஓட்டுவது எப்படி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே அனகோர்ட்டஸிலும் பெல்லிங்ஹாமிலும் மோட்டார் யாட்டை வாரக் கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். ஓட்டிய அனுபவம் இருந்தால் கேப்டன் தேவையில்லை. வழக்கமாகக் கிடைப்பது 40 அடியை ஒட்டிய டீசல் படகு. எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் போனாலே அனகோர்ட்டஸிலிருந்து சான் ஹுவான் தீவுக் கூட்டத்திலுள்ள சூசியா தீவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். தூரம் இவ்வளவு குறைவாக இருந்தும் படகு பாறையில் ஏறுவதற்குக் காரணம், பெரும்பாலும் நாமே வகுத்துக்கொண்ட கால அட்டவணைதான். 'இருட்டுவதற்குள் அங்கே போயாக வேண்டும்' என்ற நினைப்பு வந்துவிட்டால் நீரோட்டமும் மூடுபனியும் கண்ணில் படாது. நாளின் திட்டத்தைக் கடிகாரத்தை வைத்துப் போடாமல் நீரோட்டத்தை வைத்துப் போடுங்கள்.

படகை ஒப்படைக்கும் நாளில் நிறுவனத்தின் ஆள் எல்லாவற்றையும் வேகமாகக் காட்டிக்கொண்டே போவார். அவரை நிறுத்தி ஒவ்வொன்றையும் நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் எங்கே, டீசலை நிறுத்தும் கைப்பிடி எங்கே, நங்கூர மோட்டாரின் பிரேக்கர் எங்கே, தீயணைப்பான்கள் எத்தனை என்று கேளுங்கள். கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. ஆழமானி காட்டும் எண் நீர்மட்டத்திலிருந்து கணக்கா, படகின் அடிப்பாகத்திலிருந்து கணக்கா? நாலைந்து அடி வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தினமும் காலையில் என்ஜினைத் தொடும் முன் ஆயில் அளவு, கூலன்ட், பெல்ட், என்ஜினுக்கு அடியில் தேங்கிய நீர் ஆகியவற்றைப் பாருங்கள். அதோடு கடல்நீர் வடிகட்டி. இந்தப் பகுதியில் கடற்புல் மிகுதி, அது வடிகட்டியை அடைத்தால் என்ஜின் சூடேறும். சுத்தம் செய்ய முதலில் வால்வை மூடுங்கள், பிறகு மூடியைத் திறந்து கூடையை எடுத்துக் கழுவுங்கள். திரும்பப் பொருத்தி மூடியை இறுக்கியதும் வால்வைத் திறக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை மறந்துபோனால் கடல்நீரை இழுக்கும் பம்பின் சுழல் இதழான ரப்பர் இம்பெல்லர் நீர் இல்லாமல் சுற்றிச் சீக்கிரமே கிழிந்துவிடும். வால்வை மூடிய கையோடு என்ஜின் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். என்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையோடு தண்ணீரும் கொப்பளித்து வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

இனி நீரோட்டம். கடல்மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஓத அட்டவணை வேறு, நீரோட்ட அட்டவணை வேறு. ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்று என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கால்வாய்களில் இரண்டுக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். விட்பி, ஃபிடால்கோ தீவுகளுக்கு நடுவிலுள்ள டிசெப்ஷன் பாஸில் ஓட்டம் 8 நாட் வரை போகும். எட்டு நாட் படகு அங்கே முழு மூச்சாக ஓடினாலும் நின்ற இடத்தில்தான் நிற்கும். ஓட்டம் அடங்கும் சிறு இடைவேளையில் மட்டுமே அதைக் கடக்க வேண்டும். கேட்டில் பாஸிலும் ரொசாரியோ நீரிணையிலும் வேறொரு தொல்லை. காற்று ஒரு திசை, ஓட்டம் எதிர்த்திசை என்றால் அலை செங்குத்தாக எழும்பும், அலைகளுக்கு இடையே இடைவெளியும் குறுகிவிடும். 15 நாட் காற்றுதானே என்று கிளம்பினால் சமையலறைப் பாத்திரங்களெல்லாம் தரையில் கிடக்கும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் அதே நீர் அடங்கிவிடும். இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், ஆகவே உங்களிடம் உள்ள அட்டவணை அந்தக் கோடை நேரத்துக்குத் திருத்தியதா என்பதையும் பாருங்கள். திருத்தாததென்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றம் கரையில் கிடக்கும் மரக்கட்டைகளைக் கிளப்பிக் கடலில் விட்டுவிடும். சில கட்டைகள் ஊறிக் கனத்து, செங்குத்தாக மிதக்கும். தலை மட்டும் ஒரு சாண் வெளியே தெரியும், அதுவும் அலையில் மறைந்து மறைந்து வரும். ஓட்டுபவர் தவிர இன்னொருவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நண்டுக்கூடுகளின் மிதவைகளும் அப்படித்தான். மிதவைக் கயிறு புரொப்பெல்லரில் சிக்கியது போலிருந்தால் உடனே நியூட்ரலுக்கு வாருங்கள். ரிவர்ஸ் போட்டால் கயிறு மேலும் இறுகும்.

பெரிய கப்பலோ ஃபெர்ரியோ வந்தால் யாருக்கு முதலுரிமை என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். தெளிவாகத் தெரியும்படி முன்கூட்டியே திசை மாற்றி வழிவிடுங்கள். ஃபெர்ரிக்கு 500 கஜத்துக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், 100 கஜத்துக்குள் போகவே கூடாது. இது சட்டம். தாட்சர் பாஸ் போன்ற குறுகிய வழிகளில் வளைவுக்கு அப்பால் ஃபெர்ரி வருவதே தெரியாது. இந்தக் கடலுக்கே உரிய தெற்குக் கூட்டத்து ஓர்க்காக்களிடமிருந்து (கொலைகாரத் திமிங்கிலங்கள்) 1,000 கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலத்தில் 2025 முதல் நடப்பிலுள்ள விதி. எந்தக் கூட்டம் என்று அடையாளம் தெரியாவிட்டாலும் அதே தூரத்தைக் கடைப்பிடிப்பதுதான் அந்த உயிர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

நங்கூரம் போடுவதற்கு ஒரு கணக்கு. மாலை நாலு மணிக்கு 18 அடி நீரில் நிற்கிறீர்கள், அப்போது ஓத உயரம் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். இரவு ஏற்றம் 8 அடி, மறுநாள் வற்றம் மைனஸ் 1 அடி, அதாவது அட்டவணையின் பூஜ்ய மட்டத்துக்கும் ஒரு அடி கீழே. ஏற்றத்தில் ஆழம் 23 அடியாகும். அதோடு நீர்மட்டத்திலிருந்து படகு முகப்பின் உயரம் 5 அடி சேர்த்தால் 28. ஐந்து மடங்கு சங்கிலி விட்டால் 140 அடி. வற்றத்தில் ஆழம் 14 அடியாகக் குறையும், நாலரை அடி மூழ்கும் படகுக்கு அது போதும். ஆனால் 140 அடி சங்கிலியில் படகு சுற்றி வரும் வட்டம் முழுவதும் அந்த ஆழம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் மிகத் தாழ்ந்த வற்றம் பெரும்பாலும் பகலில்தான் வரும். இரவெல்லாம் நன்றாக மிதந்த படகு நண்பகலில் தரை தட்டுவது அதனால்தான்.

சங்கிலியைக் கொட்டிக் குவிக்காமல், மெல்லப் பின்னால் நகர்ந்தபடி விடுங்கள். முழுவதும் விட்டபின் ரிவர்ஸ் கியரில் ஐடிலில் இழுத்து, பிறகு கொஞ்சம் த்ராட்டில் கூட்டி அரை நிமிடம் பிடியுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள ஒரு மரத்தையும் பாறையையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது, எடுத்து மறுபடி போட வேண்டியதுதான்.

துறையில் அணையும்போது ஃபெண்டர்களையும் (படகு துறையில் மோதி உரசாமல் காக்கும் மெத்தைகள்) கயிறுகளையும் வெளியிலேயே தயார் செய்துவிட்டு உள்ளே வாருங்கள். இரட்டை என்ஜின் படகென்றால் சுக்கானை நேராக விட்டு, த்ராட்டிலைத் தொடாமல் கியர்களை மட்டும் பயன்படுத்துங்கள். வலது கியர் முன்னால், இடது பின்னால் என்றால் முகப்பு இடப்பக்கம் திரும்பும். ஒற்றை என்ஜின், வலச்சுழல் புரொப்பெல்லர் என்றால் ரிவர்ஸில் பின்பகுதி இடப்பக்கம் ஒதுங்கும், ஆகவே இடப்பக்கம் கட்டுவது சுலபம். முதலில் கட்ட வேண்டியது படகின் நடுவிலிருந்து பின்னோக்கிப் போகும் கயிறு. அது இறுகியதும் சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன் கியரில் ஐடிலில் விட்டால் படகு துறையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். யாரும் குதிக்கக் கூடாது, கையாலோ காலாலோ படகைத் தடுக்கக் கூடாது. பல டன் எடையை எலும்பு தாங்காது.

கோடையிலும் இந்தக் கடல்நீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ்தான். விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்துபவருக்கும் இதே கதிதான். எனவே மேல்தளத்தில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கட்டும். 12 வயது வரையுள்ள குழந்தைகள் 19 அடிக்குக் குறைந்த படகில் போகும்போது அதைக் கழற்றவே கூடாது என்பது மாநிலச் சட்டம், கரைக்குப் போய்வர வைத்திருக்கும் உங்கள் டிங்கி என்ற சிறுபடகும் அதில் அடக்கம். என்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின் மேடையில் குழந்தைகள் உட்காரக் கூடாது, கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்கும். ஓட்டுபவர் தவிர இன்னொருவருக்காவது படகை நிறுத்தவும், வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் அபாய அழைப்பான 'மேடே'யை மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்குமிடம், ஆபத்து என்ன, எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுபவரே நீரில் விழுந்துவிட்டால் வேறு வழியில்லை.

ஹேரோ நீரிணையின் நடுவே கனடா எல்லை போகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் கனடா விசா இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கத் திட்டமிட வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே ஒரு வாரத்துக்குப் போதுமான தீவுகள் உண்டு.

படகைத் திருப்பித் தரும் முந்தைய இரவை ஸ்பென்சர் ஸ்பிட் போல அனகோர்ட்டஸுக்குப் பக்கமான இடத்தில் கழியுங்கள். ஆகஸ்டில் காலை மூடுபனி ரொசாரியோவை மூடிவிடும், பல நாட்களில் பத்துப் பதினோரு மணிக்குமேல்தான் விலகும். விலகாவிட்டால் நிறுவனத்துக்குப் போன் செய்து தாமதத்தைச் சொல்லிவிட்டு, நங்கூரத்திலேயே இருங்கள்.