மட்டக்களப்புச் சமதரையில் ஓடியவர்கள் மொர்வான் மலைக்காட்டில் சைக்கிள் பாதை தெரிவு செய்வது எப்படி

கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வரை சைக்கிள் ஓடிப் பழகியவர்களுக்குத் தூரம் ஒன்றுதான் அளவு. ஏற்றம் என்று சொல்வதற்குப் பாலங்களைத் தவிர வழியில் எதுவும் இல்லை. பாரிசிலுள்ள உறவினரிடம் கோடையில் சென்று நிற்கும் நம்மவர்களில் சிலர், நகரத்துக்குள் அலைந்து அலுத்த பின்னர் இரவல் சைக்கிளோடு நாட்டுப்புறம் போக விரும்புகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் இடம் பாரிசுக்குத் தென்கிழக்கே, புர்கோன் பகுதியிலுள்ள மொர்வான். கருங்கல் குன்றுகளும் அடர்ந்த காடுகளும் ஏரிகளும் நிறைந்த இப்பகுதி 1970 முதல் பிராந்திய இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. இதன் மிக உயர்ந்த சிகரமான ஓ-ஃபோலான் 901 மீற்றர்தான். நுவரெலியா நகரத்தின் உயரத்தில் பாதிகூட இல்லை. அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மொர்வானில் ஒரே பெரிய மலை கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கியதும் அடுத்த மேட்டில் ஏற வேண்டியிருக்கும், நாள் முழுக்க அப்படித்தான். ஆகவே பாதையைத் தூரத்தைக் கொண்டு அல்ல, மொத்த ஏற்றத்தைக் கொண்டு தெரிவு செய்ய வேண்டும்.

கணக்கு எளிது. கைத்தொலைபேசியில் உள்ள எந்தப் பாதை வரையும் செயலியும் ஒரு சுற்றின் மொத்த ஏற்றத்தை மீற்றரில் காட்டும். சமதரையில் அந்தத் தூரத்துக்கு எடுக்கும் நேரத்தோடு, ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடத்தைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். 60 கிலோமீற்றரைக் கடற்கரை வீதியில் மூன்று மணி நேரத்தில் முடிப்பவர், 1000 மீற்றர் ஏற்றமுள்ள அதே 60 கிலோமீற்றருக்கு நான்கு மணி நாற்பது நிமிடம் ஒதுக்க வேண்டும். முதல் நாளில் 500 மீற்றருக்கு மேல் ஏற்றமுள்ள சுற்றைத் தொடவே வேண்டாம்.

மொத்த ஏற்றம் தெரிந்தாலும் அது எங்கே குவிந்திருக்கிறது என்பது தெரியாது. அதற்கு மிஷலின் நிறுவனத்தின் வீதி வரைபடம் இன்றும் உதவுகிறது. அதில் வீதியின் குறுக்கே வரையப்பட்டிருக்கும் சிறிய அம்புக்குறிகளைக் கவனியுங்கள்: ஒன்று இருந்தால் சரிவு 5 முதல் 9 சதவீதம், இரண்டு இருந்தால் 9 முதல் 13 சதவீதம், மூன்று இருந்தால் அதற்கும் மேல். சிவப்பு வீதிகளைத் தவிர்த்துவிடுங்கள். மஞ்சளும் வெள்ளையும்தான் சைக்கிளுக்கு உகந்தவை. ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் அழகான வழி என்று பொருள், சுலபமான வழி என்று அல்ல. ஆற்றை ஒட்டிப் போகும் வீதி பெரும்பாலும் மெதுவாக ஏறும். ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் வீதி திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

தொடங்குவதற்கு அவலோன் நகரம் பொருத்தமானது. பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து பிராந்திய ரயிலில் அங்கு போகலாம். அதில் சைக்கிளையும் ஏற்றலாம். நகரத்தின் கீழே ஓடும் கூசான் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, மரநிழலில் ஆற்றோடு சேர்ந்து போந்தோபேர் வரை சென்று, அங்கிருந்து சான்-பேர் கிராமத்தை அடையுங்கள். அதற்கு நேர் மேலே குன்றின் உச்சியில் தெரிவது வெசலே. 1979 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மதலேன் மரியாள் பேராலயம் அங்கேதான் நிற்கிறது. சான்-பேரிலிருந்து வீதி சுமார் இரண்டு கிலோமீற்றர் விடாமல் ஏறுகிறது. உங்கள் கால்களைச் சோதிக்க இது போதும். திரும்பும்போது கியூர் ஆற்றோரமாகப் பியேர்-பெர்துய் வரை போய் வரலாம்.

அது சரிப்பட்டால் இரண்டாம் நாளில் தெற்கே, காரே-லே-தோம்ப் வழியாகச் செத்தோன் ஏரியை நோக்கிச் செல்லுங்கள். போகும் வழி கடினமானதுதான். ஆனால் ஏரியைச் சுற்றும் ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் பெரிய ஏற்றம் இல்லை. நம் குளங்களைப் போல இது வயலுக்காகக் கட்டப்பட்டதல்ல. மொர்வான் காட்டில் வெட்டிய விறகை ஆற்றில் மிதக்கவிட்டுப் பாரிசுக்கு அனுப்பிய காலத்தில், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1858 இல் முடிக்கப்பட்ட அணை இது. ஓ-ஃபோலான் காட்டு ஏற்றத்தை இவை இரண்டுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே பயிற்சி எடுக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரையில் ஆயித்தியமலைப் பக்கம் எதிர்க்காற்றில் ஓடுவது, மிதிப்பதை நிறுத்தாமல் நீண்ட நேரம் ஒரே சீராக உழைக்கக் கற்றுத்தரும்; ஏற்றத்துக்கும் அதே பழக்கம்தான் வேண்டும். உண்மையான மலை வேண்டுமென்றால் செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், பிபிலைக்கு அப்பால் லுணுகலையை நோக்கி ஏறிப் பாருங்கள். அம்பாறைக்காரரும் மகா ஓயாவில் அதே வீதியில் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வசனம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் கியரைக் குறைக்க வேண்டும்.

சைக்கிளில் முன்பக்கம் 34 பற்களுள்ள சிறிய பல்சக்கரமும், பின்பக்கம் குறைந்தது 32 பற்களுள்ள பெரிய பல்சக்கரமும் இருக்கட்டும். 28 மில்லிமீற்றர் ரயர் சொரசொரப்பான கிராமவீதிக்கு ஏற்றது. வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் பிறேக்கைப் பார்க்க வேண்டும்: நம் நாட்டில் வலக்கைப் பிடி முன்சக்கரத்தை நிறுத்தும், பிரான்சில் வழக்கமாக இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு உரியது. இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடப்பக்கத்தை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். வேண்டுமானால் கடையிலேயே கம்பிகளை மாற்றித் தரச் சொல்லுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிடியைத் தளர்த்துங்கள்.

பிரான்சில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. வாகன நெரிசலில் இது மறக்காது. ஆளில்லாத காட்டுவீதியில், தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும்போதுதான் மறக்கும். இளைப்பாற நிற்கும்போது சைக்கிளை எப்போதும் வலப்பக்க ஓரத்திலேயே சாய்த்து வைத்தால், புறப்படும்போது அது தானாகவே சரியான பக்கத்தில் இருக்கும். சின்னக் கிராமச் சந்திகளில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதலிடம். அவர் பார்க்காமல் வருவார், வருவதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. காதில் பாட்டுக் கேட்கும் கருவிகளைச் செருகிக்கொண்டு ஓடுவது 2015 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. குடியிருப்புகளுக்கு வெளியே இரவிலும் பார்வை மங்கும் வேளையிலும் ஒளிதெறிக்கும் மேலங்கி கட்டாயம். இருண்ட காட்டுக்குள் பகலிலும் அதை அணிவது நல்லது.

காட்டுவீதிக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. கோடையில் வீதி திருத்துபவர்கள் தாரின் மேல் சிறுகற்களைத் தூவிவிட்டுப் போவார்கள். ‘கிராவியோன்’ என்ற பலகையைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, சக்கரத்தடம் பதிந்த இடத்திலேயே ஓடுங்கள். மரம் ஏற்றும் லொறிகள் சேற்றை இறைத்துவிட்டுப் போன வளைவு மழையில் வழுக்கும். செப்டெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வேட்டைக்காலம். வேட்டை நடக்கிறது என்ற பலகையை ஓரத்தில் கண்டால் காட்டுக்குள் ஒதுங்காமல் தார்வீதியிலேயே நில்லுங்கள். மே முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரையே நம்மவர்களுக்கு வசதியான காலம். அப்போதும் காலை இறக்கங்களில் குளிர் நெஞ்சில் அடிக்கும் என்பதால் மெல்லிய காற்றுத்தடுப்பு அங்கியைப் பையில் மடித்து வைத்திருங்கள்.

உணவுக்கு அங்குள்ள நேரத்தை அனுசரித்தே ஆக வேண்டும். கிராமத்துக் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரமாவது மூடப்படும்; ஞாயிறு பிற்பகலிலும் திங்கட்கிழமையிலும் பல கடைகள் திறப்பதேயில்லை. ஆகவே பாணையும் வாழைப்பழத்தையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். பல கிராமங்களின் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும். அது குடிக்கத் தகாத நீர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போத்தலை நிரப்பலாம். அவசர உதவிக்கு 112 ஐ அழைக்கும்போது, நீங்கள் நிற்கும் வீதியின் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும்; ‘D’ என்ற எழுத்தோடு ஓரக் கற்களிலும் பலகைகளிலும் எழுதியிருக்கும் அந்த எண்ணைக் கடக்கும் ஒவ்வொரு சந்தியிலும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.