மொலாசஸிலிருந்து லாக்டிக் அமிலம்: சவ்வை வாங்கும் முன் பிஎச்சைப் பாருங்கள்

மொரீஷியஸில் ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. அந்த மாதங்களில் ஆலைப் பக்கம் போய்வந்தால் மொலாசஸ் வாசனை சட்டையில் ஏறிவிடும். நம் முன்னோர் முதுகு ஒடிய வெட்டிய கரும்பின் கடைசிப் பாகு அது. சர்க்கரை எடுத்த பிறகும் அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்.

அதை நொதிக்க வைப்பது எளிது. அதில் உண்டான லாக்டிக் அமிலத்தை, அதாவது தயிருக்குப் புளிப்பு தரும் அமிலத்தை, பிரிப்பதுதான் பாடு. பழைய முறையில் சுண்ணாம்பு சேர்த்து, பிறகு கந்தக அமிலம் ஊற்றுவார்கள். ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் மிஞ்சும். இந்தச் சின்னத் தீவில் அதை எங்கே கொட்டுவது? மெல்லிய சவ்வுகளால் பிரிக்கும் முறையை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான்.

முதலில் நொதித்தல். மொலாசஸில் தண்ணீர் கலந்து சர்க்கரையைப் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். ஈஸ்ட் சாறு சிறிது, லாக்டோபாசில்லஸ் டெல்புரூக்கீ என்னும் பாக்டீரியா, 42 டிகிரி சூடு. புளிப்பு ஏற ஏற சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5 முதல் 6 வரை நிறுத்துங்கள். சுண்ணாம்பு வேண்டாம், கால்சியம் பின்னால் சவ்வில் படிந்து அடைக்கும்.

அடுத்து, 0.2 மைக்ரான் சவ்வில் பாக்டீரியாவை நீக்குங்கள். தேங்காய்ப்பாலைத் துணியில் பிழியும்போது திப்பி துணியை அடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நேராக அழுத்தினால் இங்கேயும் அதே கதி. கலவையைச் சவ்வின் மேல் பக்கவாட்டாக வேகமாக ஓடவிட்டால், ஓட்டமே படிவதை அள்ளிச் செல்லும்.

இப்போது வருவதுதான் முக்கியம். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ 3.86. அந்தப் பிஎச்சில் பாதி மூலக்கூறுகள் மின்னூட்டமில்லாத அமிலம், பாதி எதிர்மின் அயனி. பிஎச் 6இல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அயனியாகிவிடும். அடுத்து வடிக்கப்போகும், இன்னும் நுண்ணிய துளையுள்ள நானோ வடிகட்டிச் சவ்வுக்கும் அப்போது எதிர்மின்னூட்டம்தான். ஆகவே அயனியைப் பெருமளவு திருப்பித் தள்ளும். அமிலமும் மிச்சச் சர்க்கரையும் ஒரே பக்கம் தங்கினால் பிரித்ததாக எப்படிச் சொல்வது? கையுறை போட்டு, கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஎச்சை 3க்குக் கீழே இறக்குங்கள். மூலக்கூறு எடை 90 உள்ள சிறிய லாக்டிக் அமிலம் கடந்துவிடும். 342 உள்ள சுக்ரோஸும் நிறப்பொருளும் சல்பேட்டும் பெரும்பாலும் நின்றுவிடும். பழுப்புக் கலவையிலிருந்து வெளிறிய நீர் குழாயில் சொட்டும் அந்த நேரத்தை நீங்களே பார்க்க வேண்டும்.

மின்சாரத்தால் சவ்வு வழியே பிரிக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் என்ற இன்னொரு முறையில் கணக்கு தலைகீழ். அங்கே மின்புலம் இழுப்பது அயனியை மட்டுமே, எனவே பிஎச் 6இலேயே விடுங்கள். மொலாசஸிலேயே கால்சியம் உண்டு. அதை அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாக முன்கூட்டி எடுத்துவிட வேண்டும். இருமுனைச் சவ்வும் சேர்த்தால் தண்ணீர் பிளந்து, ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் சோடியம் ஹைட்ராக்சைடும் கிடைக்கும். அந்தக் காரம் மறுபடி நொதிகலனுக்கே போகும். கழிவைக் குறைப்பதில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. ஆனாலும் புதியவர்கள் நானோ வடிகட்டலில் கைபழகிவிட்டு வாருங்கள்.

கடைசியாகக் கழுவுதல். புதுச் சவ்வில் வெறும் தண்ணீரை ஓட்டி, பத்து நிமிடத்தில் எத்தனை மில்லி வடிகிறது என்று முதல் நாளே குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் தயாரிப்பாளர் அனுமதித்த அளவில் நீர்த்த காரத்தால் கழுவி, அதே அழுத்தத்தில், அதே சூட்டில் மறுபடி அளந்து பாருங்கள். பழைய அளவு வரும்வரை அடுத்த கலவையை ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் சவ்வை ஈரமாகவே மூடிவையுங்கள்; காய்ந்தால் கெட்டுவிடும்.