மே கடைசியில ட்ரவுட்: டெஸ்ட் ஆத்துல முதல் தடவை ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டின தூண்டில் முள்) வீசப் போறவங்களுக்கு

இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் ஓடுற டெஸ்ட், சுண்ணாம்புப் பாறையில ஊறி வர்ற ஆறு, அடியில ஆடுற செடிகூட பளிச்சுனு தெரியும். மே நடுவுல இருந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும் இங்க மேஃப்ளை கிளம்புற சீசன். வண்டல்ல ரெண்டு வருஷம்போல கிடந்துட்டு றெக்கை முளைச்சு வெளிய வர்ற பூச்சி அது, தின்ன வாய்கூட கிடையாது, ஒண்ணு ரெண்டு நாள்ல முட்டை போட்டுட்டு செத்துரும். அந்த ரெண்டு வாரம் பெரிய பிரவுன் ட்ரவுட் மீனெல்லாம் பயம் விட்டு மேல வந்து திங்கும், கத்துக்க இதான் சரியான நேரம்.

13 வயசு ஆயிட்டா ராட் (தூண்டில் கம்பு) லைசென்ஸ் கட்டாயம், நீங்க மீன் பிடிக்கிற கரைக்கு டே டிக்கெட் தனியா வாங்கணும்.

9 அடி ராடு, 5 வெயிட் (லைனோட கன அளவு) மிதக்குற லைன், அதோட நுனியில 9 அடி லீடர் (மெல்லிய நரம்பு), பார்ப் (முள்ளுல இருக்கிற எதிர்க்கொக்கி) இல்லாத 10 இல்ல 12 சைஸ் முள்ளுல மேஃப்ளை மாதிரி கட்டின ஃப்ளை, இது போதும். நரம்புல முடிச்சு இறுக்கும்போது எச்சில் தொட்டுக்கோங்க, காய்ஞ்சபடி இழுத்தா சூடாகி அந்த இடமே அறுந்துரும்.

போனதும் வீசாதீங்க, பத்து நிமிஷம் உக்காந்து மீன் மேல வந்து திங்கும்போது தண்ணியில எங்க வளையம் விழுதுன்னு பாருங்க. ட்ரவுட் நீரோட்டத்தைப் பார்த்தே நிக்கும், அதனால கீழ்ப்பக்கமா பின்னாலருந்து குனிஞ்சு போங்க. ஃப்ளைக்கு கனமே இல்ல, லைனோட கனம்தான் அதைக் கொண்டுபோகுது, அதான் பின்னால தூக்கினதும் லைன் முழுசா நீள்ற வரைக்கும் ஒரு கணம் நிறுத்தணும், அப்புறம் முன்னால வீசணும்.

ஃப்ளை மீனுக்கு ரெண்டு மூணு அடி முன்னால, தண்ணி வர்ற பக்கத்துல விழட்டும். இப்பதான் முக்கியமான விஷயம், ஃப்ளை தண்ணியோட வேகத்துலயே மிதக்கணும், லைன் இழுத்து பின்னால சின்னதா கோடு விழுந்துச்சுன்னா மீன் திரும்பிக்கூட பாக்காது. உங்களை நோக்கி வர வர இடது கையால தளர்ந்த லைனை சுருட்டிக்கிட்டே இருங்க.

மீனோட மூக்கு மேல வரும், வெள்ளையா வாய் திறக்கிறது தெரியும், அப்ப கை தானா இழுக்கப் பாக்கும், இழுக்காதீங்க! நான் முதல் நாள் நாலு மீனை இப்படித்தான் விட்டேன். வாயை மூடி தலை கீழ போகட்டும், அப்புறம் ராடை மெதுவா தூக்குங்க.

கையை நனைச்சுட்டுதான் மீனைத் தொடணும், தலை நீரோட்டத்தைப் பார்த்தபடி தண்ணிக்குள்ளயே பிடிச்சிருங்க, அதுவா உதறிட்டுப் போகும். வெயில் ஏறி தண்ணி 20 டிகிரியைத் தொட்டுட்டா மீன் தாங்காது, அன்னிக்கு ராடை மடிச்சு வெச்சுருங்க.