பிரைவேட் கீ ஊர் சுற்றக் கூடாது

திருகோணமலையில் சேவர் வேலை பழகுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகளுக்கு முன்பதிவுத் தளம் செய்து கொடுப்பவர்கள், நகரக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் போடுபவர்கள், படித்துக்கொண்டே பகுதிநேர வேலை எடுப்பவர்கள். எல்லோரும் தொலைவில் உள்ள சேவரைத் திறக்கும் மின்னணுத் திறப்பான எஸ்எஸ்எச் கீ வைத்துத்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் அந்தக் கீயைக் காப்பதில், முன்னால் போனவர்கள் செய்த தவறுகளையே அப்படியே திரும்பச் செய்கிறார்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டாதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுவோம்.

“கீயை ஒருக்கா அனுப்பி விடுங்கோ”

நாலு பேர், ஒரே சேவர். ஒருவர் கீ சோடியை (தன்னிடமே இரகசியமாக வைக்க வேண்டிய பிரைவேட் கீ, சேவரில் ஏற்றும் பப்ளிக் கீ) உருவாக்கியிருக்கிறார், மற்ற மூவரும் உள்ளே போக வேண்டும். உடனே பிரைவேட் கீ கோப்பு வட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. மூன்று போன்களில் அது இறங்குகிறது. ஒருவர் கொம்யூனிகேஷன் கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து எடுத்ததால், அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் ஒன்று கிடக்கிறது. போனின் பேக்கப்பில் இன்னொன்று. பின்னேரத்துக்குள் ஒரு திறப்புக்கு ஏழெட்டுப் பிரதி. ‘எல்லோருக்கும் அழி’ என்று கொடுத்தாலும், ஏற்கெனவே வேறிடத்தில் சேமித்த பிரதியை அது தொடாது.

இதைக் காணும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. பிரைவேட் கீ எங்கும் போகத் தேவையில்லாதபடிதான் இந்த முறையே அமைந்திருக்கிறது. உள்நுழையும்போதுகூட அது கணினியை விட்டு வெளியேறுவதில்லை. அந்த இணைப்புக்கே உரிய தரவில் உங்கள் கணினி கையொப்பம் இடுகிறது, சேவர் தன்னிடம் உள்ள பப்ளிக் கீயை வைத்து அதைச் சரிபார்க்கிறது. சேவருக்கே காட்டாத பொருளைக் குழுவில் போடுவது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு நட்டமும் உண்டு. நாலு பேரும் ஒரே கீயால் நுழைந்தால் சேவரின் பதிவேட்டில் நாலு பேருக்கும் அந்தக் கீயின் ஒரே ‘கைரேகை’தான் (கீயை அடையாளம் காட்டும் குறியீடு) விழும். இரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தை அழித்தது யார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் மற்ற மூவரும் கீ மாற்ற வேண்டும். பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொருவரும் தம் லப்டொப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை ‘-டி ஈடி25519’ என்ற தெரிவோடு ஓட்டி, தமக்கென்று ஒரு சோடி உருவாக்க வேண்டும். பாஸ்பிரேஸ், அதாவது கீ கோப்பைப் பூட்டும் கடவுச்சொல், கேட்கும் இடத்தில் வெறும் என்டர் தட்டக் கூடாது. இரண்டு கோப்புகள் வரும். ‘.பப்’ என்று முடிவதை மட்டும் அனுப்புங்கள், அது குழுவில் கிடந்தாலும் கவலையில்லை. சேவரை நிர்வகிப்பவர் அதை, உள்ளே விடக்கூடிய கீகளின் பட்டியலான ‘ஆதரைஸ்ட்_கீஸ்’ கோப்பில் ஆளுக்கு ஒரு வரியாகச் சேர்த்து, வரியின் கடைசியில் ஆளின் பெயரையும் கணினியையும் குறிக்க வேண்டும். குறுஞ்செய்தியில் இருந்து ஒட்டும்போது வரி நடுவில் உடைந்தால் அந்தக் கீ வேலை செய்யாது. “பப்ளிக் கீ சரிவரவில்லை, பிரைவேட்டையே அனுப்பு” என்ற பேச்சு பல தடவை இந்த உடைந்த வரியில் இருந்துதான் தொடங்குகிறது.

கீ ஏற்கெனவே போய்விட்டதா? பலர் பாஸ்பிரேஸை மாற்றிவிட்டு நிம்மதியாகிறார்கள். அதில் பலனில்லை. மாறியது உங்கள் கையில் உள்ள கோப்பின் உறை மட்டும். வெளியே போன பிரதி பழைய பாஸ்பிரேஸோடு, அல்லது பாஸ்பிரேஸே இல்லாமல், அதே கதவைத் திறக்கும். கீயைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் புதிய பப்ளிக் கீயைச் சேவரில் ஏற்றுங்கள். வேறொரு சாளரத்தில் புதிய கீயால் மட்டும் நுழைந்து பாருங்கள். ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி’ தெரிவை ‘யெஸ்’ என்று கொடுக்காவிட்டால் ஏஜென்டில் (கீயை நினைவில் வைத்து உங்களுக்காகக் கையொப்பம் இடும் நிரல்) இருக்கும் பழைய கீயே கதவைத் திறந்துவிட்டு, புதியது சரி என்று உங்களை நம்பவைக்கும். நுழைய முடிந்ததும் பழைய வரியை நீக்குங்கள். அந்தக் கீ ஏறியிருக்கும் எல்லாச் சேவர்களிலும், கிட்ஹப் கணக்கிலும் நீக்க வேண்டும். வரியை நீக்கினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் இணைப்பு அறுந்துவிடாது. ‘ஹூ’ கட்டளையால் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அடையாளம் தெரியாததைத் துண்டியுங்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் உட்பட எல்லாப் பயனர்களின் ‘ஆதரைஸ்ட்_கீஸ்’ கோப்பையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர் முதலில் செய்யக்கூடியது, தன் கீயை அங்கே ஒரு வரியாகச் சேர்த்துவிடுவதுதான்.

777

கோப்பை யாரும் படிக்கலாம், மாற்றலாம் என்று விடும் அனுமதி எண் இது. வேண்டாம். பிரைவேட் கீக்கு 600, ‘.எஸ்எஸ்எச்’ கோப்புறைக்கு 700, இரண்டும் உரியவருக்கு மட்டும் இடம் கொடுப்பவை. மற்றவர் படிக்கக்கூடிய கீயை எஸ்எஸ்எச் நிரல் தானே மறுத்துவிடும். சேவரில் ஹோம் கோப்புறைக்கு 777 போட்டால் அங்கேயும் கீ மறுக்கப்படும்.

கிட்டில் ஏறிய கீ

நிரலின் ஒவ்வொரு நிலையையும் ‘கமிட்’ என்று சேமித்து வைக்கும் கருவி கிட். அதில் ஏறிய கீயை அடுத்த கமிட்டில் அழித்தாலும் முந்தைய கமிட்டில் இருக்கும். முதலில் கீயை மாற்றுங்கள், வரலாற்றைப் பிறகு துப்புரவாக்கலாம்.

பென்ட்ரைவில் கொண்டு போவது

ஃபேட்32 பென்ட்ரைவில் 600 என்ற அனுமதியே கிடையாது. செருகும் எந்தக் கணினியும் படிக்கும். அழித்த கோப்பையும் மீட்டெடுக்கலாம். புதிய கணினி வாங்கினால் அதிலேயே புதிய சோடி உருவாக்குங்கள்.

இணையத்தளத்தில் கீ உருவாக்குவது

அங்கே பிறந்த கீயை வேறு யார் வைத்திருக்கிறார்கள் என்று அறிய வழியில்லை. எழுமாற்று எண்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதும் தெரியாது. டெபியன் லினக்ஸில் கீ உருவாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் 2006இல் நுழைந்து 2008இல் கண்டுபிடிக்கப்பட்ட பிழையை நினைத்துப் பாருங்கள். நிரலின் செயல்முறை எண் ஒன்றே எழுமாற்றுக்கு மிஞ்சியதால், ஒரு வகைக் கணினியில் ஒரு கீ அளவுக்கு ஏறத்தாழ 32,768 கீகள்தான் உருவாக முடிந்தது. முழுப் பட்டியலையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். அந்தக் கீகளும் பார்வைக்கு நல்ல கீகள் போலத்தான் இருந்தன.

ஏஜென்ட் ஃபோர்வர்டிங்

ஒரு சேவர் வழியாக இன்னொன்றுக்குப் போக எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து ‘-ஏ’ போட்டு, லப்டொப்பின் ஏஜென்டை அந்த இடைச் சேவரிலும் பயன்படுத்தும் பழக்கம் உள்ளது. இணைப்பு இருக்கும் வரை, இடையில் உள்ள சேவரின் ரூட் பயனர் உங்கள் ஏஜென்டிடம் கையொப்பம் வாங்கலாம். கீயைத் திருடாமலே உங்கள் பெயரில் வேறு இடத்துக்குப் போய்விடுவார். எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 7.3 பதிப்பில் 2016இல் வந்த ‘-ஜே’ தெரிவு இதற்குத்தான். இடைச் சேவர் தரவைக் கடத்திவிடும், கையொப்பம் உங்கள் லப்டொப்பிலேயே நடக்கும்.

ஒரே ஒரு பாதுகாப்புச் சாதனம்

2020 பெப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் ‘ஈடி25519-எஸ்கே’ வகைக் கீயை யூஎஸ்பி பாதுகாப்புச் சாதனத்தோடு பயன்படுத்தலாம். லப்டொப்பில் உள்ள கோப்பு களவுபோனாலும் சாதனம் இல்லாமல் அதனால் பயனில்லை, அதை விரலால் தொட்டால்தான் கையொப்பம் வரும். பழகுகிறவர்கள் இதை ஒன்று மட்டும் வாங்குகிறார்கள். இரண்டாக வாங்கி, ஒன்றைத் திறப்புக் கோர்வையிலும் மற்றதை வீட்டு அலுமாரியிலும் வையுங்கள். இரண்டின் பப்ளிக் கீயையும் ஒரே நாளில் சேவரில் ஏற்றிவிடுங்கள். முதலாவது தொலைந்த பிறகு இரண்டாவதை ஏற்ற, உள்ளே போக வழியிருக்காது.