பாக்கி வசூலுக்குத் திவால் மனு: கால் இடறும் இடங்கள்

சரக்கு கொடுத்த பணம் வரவில்லையா, ‘என்சிஎல்டிக்குப் போவேன்’ என்று, அதாவது கம்பெனிகளின் திவால் வழக்கை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று, ஒரு நோட்டீஸ் விட்டால் அலறியடித்துக்கொண்டு வருவார்கள் என்ற நம்பிக்கை நம் வியாபாரிகள் பலருக்கு உண்டு. சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் எதிராளி அந்தப் பில்லைப் பற்றி ஏற்கெனவே தகராறு செய்துகொண்டிருந்தால் கதை வேறு.

ஓர் உதாரணம். பல்லடம் பக்கம் சின்னதாக ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில் நடத்துபவர், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு நூல் போட்டிருக்கிறார். பாக்கி 1.2 கோடி. வக்கீலைப் பிடித்துத் திவால் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்புகிறார். பத்து நாளில் பதில் வருகிறது. கூடவே எட்டு மாதப் பழைய மெயில் ஒன்றின் நகலும். ‘இந்த லாட்டில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது, டெபிட் நோட் போட்டு உங்கள் பாக்கியில் கழிக்கிறோம்’ என்று பர்ச்சேஸ் மேனேஜர் எழுதியது. மில்காரர் அதை அப்போதே பார்த்தார். போனில் பேசிச் சரிக்கட்டிவிட்டதாக நினைத்து அப்படியே விட்டுவிட்டார்.

அவர் மனு பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. நூலில் குறையே இல்லாமல் இருக்கலாம். தப்பு சாயப்பட்டறையுடையதாக இருக்கலாம். அதைத் தீர்ப்பாயம் ஆராயாது. நோட்டீஸ் வருவதற்கு முன்பே தகராறு இருந்ததா, அது நிஜமான தகராறா, வாய்க்கு வந்த சாக்கா என்று மட்டும்தான் பார்க்கும். 2017-இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. நெல்லையும் பதரையும் பிரித்தால் போதும், யார் ஜெயிப்பார் என்று கணிக்க வேண்டியதில்லை என்று அதில் சொன்னார்கள். ஆக, உங்கள் பக்கம் நியாயம் இருப்பது மட்டும் இங்கே போதாது.

அதனால் நோட்டீஸுக்கு முன் வக்கீலிடம் காட்ட வேண்டியது பில் கட்டை மட்டுமல்ல, உங்கள் இன்பாக்ஸையும்தான். வாட்ஸாப்பையும் சேர்த்து. திருப்பி அனுப்பிய சரக்கு, டெபிட் நோட், ‘குவாலிட்டி சரியில்லை’ என்ற ஒற்றை வரி, எல்லாமே கணக்கில் வரும். அதே சமயம், அந்தப் புகாருக்குப் பிறகு அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு முழுத் தொகைக்கும் பாக்கியை ஒப்புக்கொண்டு லெட்ஜரில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் அது தங்கம்.

கிடைத்த மெயிலை மறைத்துவிடலாம் என்பது அடுத்த தவறு, முன்னதைவிட மோசமானது. தகராறு பற்றி எதிராளியிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை என்று மனுவோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். மறைத்தால் எதிராளி முதல் வாய்தாவிலேயே அதை எடுத்து நீட்டுவார். மோசடியாகவோ வேறு கெட்ட நோக்கத்திலோ திவால் நடவடிக்கையைத் தொடங்கியதாகத் தெரிந்தால் 65-ஆம் பிரிவில் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

தொகை விஷயத்திலும் சறுக்குகிறார்கள். மனு போட முன்பு ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருந்தால் போதும். 2020 மார்ச் 24 முதல் ஒரு கோடி. தகராறு உள்ள பில்லையெல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தொட வைப்பதில் பயனில்லை. தகராறு இல்லாத பகுதி மட்டுமே அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். காலவரம்பு மூன்று வருடம். மத்தியஸ்தத் தீர்ப்பு கையில் இருக்கிறதே என்றும் தெம்பாக இருக்க முடியாது. அதை எதிர்த்துக் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவே தகராறுதான் என்று 2018-இல் கே. கிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, மனு ஏற்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் பாக்கி தனியாக வசூலாகாது. தடைக்காலம் தொடங்கும், எல்லா வசூல் வழக்கும் நிற்கும். கம்பெனியின் கதியைப் பெரும்பாலும் வங்கிகள் உட்கார்ந்த கமிட்டி முடிவு செய்யும், சரக்கு கொடுத்தவருக்கு அங்கே பொதுவாக ஓட்டுக் கிடையாது. கம்பெனி கலைக்கப்பட்டால் பணம் பிரிக்கும் வரிசையிலும் அடமானம் வாங்கிய வங்கிக்கு வெகு பின்னால்தான் நிற்க வேண்டும்.

நம் மில்காரர் குறு, சிறு தொழில் பதிவு வைத்திருந்தால் அவருக்கு வேறு கதவு உண்டு: இப்படிப்பட்ட தொழில்களின் பாக்கித் தகராறை விசாரிக்கும் வசதிக் கவுன்சில். கோவையிலேயே ஒன்று இருக்கிறது. நூல் நன்றாக இருந்ததா என்ற கேள்வியை அங்கே எழுப்பலாம், விசாரிப்பார்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கவுன்சில் உத்தரவை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் படியேற முடியும்.