ஊர் எல்லைப் பலகையில் பேருக்குக் கீழே என்ன எழுதுவது?

கார்த்திகை மாசம் ஒரு மத்தியானம் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். திருவிழாவுக்குள் ஊர் எல்லையில் புதுப் பலகை வைக்கணுமாம். எட்டடிக்கு நாலடி என்று அளவு சொன்னார்கள், ஊர்ப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது ஒருத்தர் திரும்பி, "பேருக்குக் கீழ நல்லதா ஒரு வரி போட்டுருங்கண்ணே" என்றார்.

முப்பத்தஞ்சு வருஷமாகக் காரைக்குடியில் பலகை எழுதுகிறேன். எழுத்து எழுத ஒரு நாள் போதும். அந்த "நல்லதா ஒரு வரி"யைக் கண்டுபிடிக்கத்தான் வாரக்கணக்காகும். ஃப்ளெக்ஸ் கடைப் பையன்களுக்கும் இதே பாடுதான் என்று கேள்விப்பட்டேன். அதனால் எனக்குத் தெரிந்த வழியை எழுதி வைக்கிறேன்.

முதல் காரியம், அந்த ஊர்க்காரரிடம் கேட்காதீர்கள். கேட்டால் "சீரும் சிறப்பும் மிக்க" என்று ஆரம்பிப்பார். பக்கத்து ஊர் டீக்கடையில் போய் உட்காருங்கள். புதுவயலைப் பற்றிக் கேட்டால், "மில்லு ஊரு, நெல்லு அவியிற வாசனை ரோட்டுக்கே வரும்" என்பார்கள். அதில் பாதி வரி கிடைத்துவிட்டது. அடுத்த ஊர்க்காரன் வாயில் வருவதுதான் உண்மையான பட்டப்பெயர். கேலிப் பெயர்களும் சேர்ந்து வரும், காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதை எழுதினால் ஏணியில் நிற்கும்போதே ஏணியை எடுத்துவிடுவார்கள்.

கிடைத்த வரியை அப்படியே எழுதிவிடவும் கூடாது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊர்ப் பெயரை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அந்த வரி செத்த வரி. "கல்வி நகரம்" என்று எங்கள் ஊருக்கு நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நாலு காலேஜ் இருக்கிற எந்த ஊருக்கும் அது பொருந்தும். காரைக்குடிக்கு மட்டும் பொருந்துவது வேறு. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வரவேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். என்னைக் கேட்டால் "நிலம் கொடுத்துப் படிப்பு வாங்கிய ஊர்" என்று எழுதுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அழகப்பர் பிறந்தது கோட்டையூர். "வள்ளல் பிறந்த ஊர்" என்று காரைக்குடியில் எழுதினால் கோட்டையூர்க்காரர் மறுநாள் காலையில் கடை வாசலில் நிற்பார், நிற்கவும் வேண்டும். ஆள் பெயரைச் சொல்லி எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். பிறந்த, வளர்ந்த, வாழ்ந்த என்பவை மூன்று வேறு வேறு ஊர்கள். கண்ணதாசன் பிறந்தது சிறுகூடல்பட்டி, அங்கே தயங்காமல் "பிறந்த" போடலாம். ஆச்சி மனோரமா பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது பள்ளத்தூர். "பள்ளத்தூர் பாப்பா" என்றே ஒரு காலத்தில் அவரைச் சொன்னார்கள். ஊருக்கு ஆள் பட்டம் தருவதுதான் வழக்கம், அங்கே ஊர் ஆளுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறது. பலகையில் "வளர்ந்த" என்று போட்டாலே போதும், பெருமை குறையாது.

அரியக்குடிதான் எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல். பெருமாள் கோயில் இருப்பதால் "தென்திருப்பதி" என்று பேர். நடந்தே திருப்பதி போய்வந்துகொண்டிருந்த ஒரு செட்டியாருக்காகப் பெருமாளே இங்கே வந்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் தமிழ்நாட்டில் தென்திருப்பதி என்று சொல்லிக்கொள்கிற ஊர்கள் இன்னும் சில இருக்கின்றன. அதே சமயம் சென்னை சபாக்களில் "அரியக்குடி" என்று வெறுமனே சொன்னால் அது ஊர் கிடையாது, ராமானுஜ ஐயங்கார். 1890-ல் பிறந்தவர், இன்றைக்குக் கச்சேரி பாடுகிற முறையை வகுத்துக் கொடுத்தவர். ஒரு ஊரின் பெயர் ஒரு பாட்டு முறைக்கே பெயராக நிற்கிறது. அது வேறு எந்தத் தென்திருப்பதிக்கும் கிடைக்காது. இருந்தாலும் ஊரில் வாக்கெடுத்தால் பெருமாள்தான் ஜெயிப்பார். ஜெயிக்கட்டும், இரண்டாவது பலகைக்கு இடம் இருக்கிறது.

சில ஊருக்கு வரியே வேண்டாம். பிள்ளையார்பட்டிக்கு எருக்காட்டூர், மருதங்குடி என்று பழைய பெயர்கள் இருந்தன. குடைவரைக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளையார் அந்தப் பெயர்களையெல்லாம் கொழுக்கட்டை மாதிரி விழுங்கிவிட்டார். பட்டப்பெயரே ஊர்ப் பெயராகிவிட்ட இடத்தில் இன்னொரு பட்டப்பெயரை ஒட்டாதீர்கள்.

கைத்தொழில் இருக்கிற ஊரென்றால் தொழில் நடக்கிற இடத்துக்கே போய் நின்று பாருங்கள். ஆத்தங்குடிக்கு ஒரு வரி பிடிக்க நான் தரைக்கல் பட்டறையில் ஒரு காலைப் பொழுது நின்றேன். கண்ணாடித் துண்டை அடியில் வைத்து, அதன் மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். மஞ்சள் சிவப்புக்குள் போகக்கூடாது. அச்சை ஆடாமல் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு அமுக்குகிறார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வந்த பிறகு கண்ணாடி தனியாகக் கழன்றுவிடும், அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். பாலிஷ் மிஷின் எதுவும் கிடையாது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் பட்டறைக்காரரிடம், "தலை குனிய வைக்கும் ஊர்னு போடலாமாண்ணே?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "தரை பார்த்து நடக்க வைக்கும் ஊர்" என்று மாற்றினேன். வரியை உரக்கச் சொல்லிப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கடன் வாங்கிய பட்டம் வேண்டவே வேண்டாம். குட்டி ஜப்பான் சிவகாசிக்கு, மான்செஸ்டர் கோயம்புத்தூருக்கு. அவை பழகிப்போன பெயர்கள், இருக்கட்டும். ஒரு செட்டியார் வீட்டுப் பையன், வெளியூரில் வேலை பார்ப்பவர், "குட்டி ரங்கூன்னு போடுங்க, ஐயா காலத்துல எல்லாரும் அங்கதான இருந்தாங்க" என்றார். "தம்பி, தூணுக்குத் தேக்கு பர்மாவுலேருந்து வந்துச்சு சரி, பேரும் அங்கேருந்துதான் வரணுமா?" என்றேன். திண்ணையில் இருந்த ஆச்சி சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

எண்ணிக்கை எழுதுவதிலும் கவனம். செட்டிநாட்டுக்கு 96 ஊர் என்பது பழைய கணக்கு, இப்போது எழுபத்துச் சொச்சம்தான். "ஆயிரம் ஜன்னல் வீடு" என்று எங்கள் ஊரில் ஒரு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ரோட்டில் நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருப்பார்கள். தமிழில் ஆயிரம் என்றால் "ரொம்ப" என்று அர்த்தம், மண்டபத்துக்கு ஆயிரங்கால் என்கிற மாதிரி. வீட்டுக்கு அது அழகு. ஊர்ப் பலகையில் எண் போட்டால் யாராவது ஒருத்தர் எண்ணிவிட்டு வந்து சண்டை போடுவார்.

இன்னொன்றும் சொல்லணும். இது ஊருக்கே இனிஷியல் போடுகிற சீமை. சிறுவயல் வேறு, ஓ. சிறுவயல் வேறு. ஆ. தெக்கூர், வி. லட்சுமிபுரம் எல்லாம் அப்படித்தான். நகரத்தார் என்கிற செட்டியார் வீடுகளில் தாத்தா பெயரே பேரனுக்கு வருவதால் தெருவுக்குத் தெரு மெய்யப்பன், லெட்சுமணன். விலாசத்தை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல்களை வைத்துத்தான் எந்த வீடு என்று பிரிப்பார்கள். ஊரிலும் அதே கதை. அழகுக்காக அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டால் கல்யாணத்துக்கு வருகிறவர் அடுத்த சிறுவயலில் போய் இறங்குவார். ரயில்வே ஸ்டேஷன் பெயரையும் நம்பாதீர்கள். தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கினால் தேவகோட்டை இருக்காது, செட்டிநாடு ஸ்டேஷன் இருப்பது கானாடுகாத்தானில்.

இப்போது எழுதுகிற வேலை. பஸ் ஜன்னலிலிருந்து படிக்க மூணு நொடிதான் கிடைக்கும், ஆறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்த பிறகு எனாமல் இரண்டு கோட். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். "குடி" என்று முடிகிற ஊர்கள் இங்கே அதிகம். கு கீழே இறங்கும், டி மேலே ஏறும். எழுத்து உயரத்தில் கால் பங்கை மேலேயும் கீழேயும் விடாவிட்டால் ஊர்ப் பெயரும் கீழ் வரியும் முட்டிக்கொள்ளும். "வரவேற்க்கிறது" என்று க் போடாதீர்கள், வரவேற்கிறது. உபயம் கொடுத்தவர் பெயர் ஊர்ப் பெயரைவிடப் பெரிதாக வேண்டும் என்பார், தலையாட்டிவிட்டுச் சிறிதாகவே எழுதுங்கள்.

அந்த மூன்று பேரும் "வற்றாத ஊருணி கொண்ட ஊர்" என்று ஒரு வரியோடு திரும்பி வந்தார்கள். "சித்திரையிலயுமா?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் "ஊருணியைச் சுற்றி உட்கார்ந்த ஊர்" என்று எழுதினோம். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்மை.

அந்தப் பலகையில் ஊராட்சி என்ற சொல்லுக்கு இடப்பக்கம் ஒரு சாண் சும்மா கிடக்கிறது. அது ஏன் என்று கேட்டார்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது, நான் எழுதிய "நகராட்சி" ஒன்றுக்கு முன்னால் மா போட இடமில்லாமல், ஓரத்தில் ஒடுக்கி, இடுப்புப் பிள்ளை மாதிரி ஒட்ட வைக்க வேண்டியதாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பேரூராட்சி ஆனாலும் சேருகிற எழுத்து இடப்பக்கம்தான் வரும். இப்போதெல்லாம் அந்த ஒரு சாணை விட்டுவிட்டுத்தான் நூல் அடிக்கிறேன்.